கேபார்: ஒரு முத்திரை பெயரான கதை

அமெரிக்க மரைன் படையினர் ‘கேபார்’ என்று சொன்னால், ஏழு அங்குல அலகும் தோல் கைப்பிடியும் கொண்ட இடுப்புக் கத்தி என்று பொருள். படையின் ஏடுகளில் அதற்கு அந்தப் பெயர் இல்லை. முதலில் அது ‘1219சி2’. பிறகு கடற்படைக் கணக்கில் ‘மார்க் 2’. ஏட்டுப் பெயர்கள் ஏட்டோடு நின்றன. வீரர்களின் வாயில் நிலைத்தது ஒரு கம்பெனியின் முத்திரை.

அந்தக் கம்பெனி 1898இல் பென்சில்வேனியாவின் டிடியூட் ஊரில் ‘யூனியன் ரேசர்’ என்ற பெயரில் தொடங்கியது. 1909இல் ‘யூனியன் கட்லரி’ ஆகி, பின்னர் நியூயார்க் மாநிலத்தின் ஓலியனுக்குக் குடிபெயர்ந்தது. ‘கேபார்’ அதன் வணிக முத்திரையானது 1923இல். காரணமாகக் கம்பெனி சொல்லும் கதை இது: தோலுக்காக விலங்கு பிடிக்கும் ஒருவர் கடிதம் எழுதினார். துப்பாக்கி மக்கர் செய்த நேரத்தில் கரடி பாய்ந்தது, உங்கள் கத்திதான் அதைக் கொன்று என்னைக் காப்பாற்றியது என்பது அதன் சாரம். ‘கில் எ பேர்’ என்று அவர் எழுத நினைத்தது கிறுக்கலில் ‘கே எ பார்’ என்று தெரிந்ததாம்.

இதில் ‘பார்’ என்ற பகுதி நம்பக்கூடியது. அமெரிக்கக் காட்டோர மக்களின் பேச்சில் கரடி ‘பார்’தான். வேட்டைக்காரர் டேனியல் பூன் ஒரு ‘பாரை’க் கொன்றதாக 1760ஆம் ஆண்டைச் சேர்த்துச் செதுக்கப்பட்ட டென்னசி மரம் ஒன்று அந்நாட்டில் வெகு பிரபலம். கரடியைக் கொன்ற வீரமும் எழுத்துப்பிழையும் சேர்ந்து வருவது அங்கே பழகிய கதை வடிவம். கம்பெனியின் கதையும் அதே அச்சில் வார்த்ததுபோல் இருப்பதால், சற்றுத் தள்ளி நின்று கேட்பது நல்லது.

இன்னொரு விளக்கமும் உலவுகிறது. பிரௌனிங் தானியங்கித் துப்பாக்கியின் சுருக்கப் பெயர் ‘பி.ஏ.ஆர்.’, அதன் துணைக்கருவியான கத்தியே கேபார் என்பார்கள். காலக்கணக்கு இதற்கு இடம்தரவில்லை. படைக் கத்தி பிறப்பதற்கு ஏறக்குறைய இருபது ஆண்டுகள் முன்பே முத்திரை இருந்தது.

படைக் கத்தி வந்தது இரண்டாம் உலகப் போரில். முதல் உலகப் போர்க் காலத்துப் பதுங்குகுழிக் கத்திக்கு விரல்களை நுழைக்கும் பித்தளைப் பிடி. குத்துச் சண்டைக்கு அது சரி. தகர டப்பா திறக்கவும் கொடி வெட்டவும் குழி தோண்டவும் உதவாது. கர்னல் ஜான் எம். டேவிஸும், மேஜர் ஹோவர்ட் அமெரிக்காவும் (அவருடைய குடும்பப் பெயரே அதுதான்) வேட்டைக் கத்திகளை அடிப்படையாக வைத்துப் புதியதை வடிவமைத்தார்கள். 1942 நவம்பரில் படை அதை ஏற்றது. கார்பன் எஃகு அலகு; வெளிச்சம் பட்டு மின்னாதபடி மங்கலான பாஸ்பேட் பூச்சு; தோல் வளையங்களைக் கோத்து நெருக்கி இழைத்த பிடி. அலகின் நீளவாக்கில் ஓடும் பள்ளத்துக்கு ‘ரத்த வாய்க்கால்’ என்று பயமுறுத்தும் பெயர் உண்டு. உண்மையில் அது எடையைக் குறைக்க இட்டது.

முதலில் செய்தது கமிலஸ் கட்லரி. அதிகமாகச் செய்ததும் அதுவே. யூனியன் கட்லரி, ரோப்சன், பேல் ஆகியவையும் செய்தன. ஆனால் யூனியன் மட்டும் தன் பெயரை விட்டுவிட்டு, அலகின் அடிப்பகுதியில் ‘கேபார்’ என்று பொறித்தது. கத்தியை உருவும்போதெல்லாம் கண்ணில் பட்ட அந்த ஈரசைச் சொல், யார் செய்த கத்திக்கும் பொதுவாயிற்று. எந்தக் கம்பெனி நகலெடுத்தாலும் நாம் ‘ஜெராக்ஸ்’ என்பதைப் போலத்தான்.

1952இல் யூனியன் கட்லரி தன் பெயரையே ‘கேபார் கட்லரி’ என்று மாற்றிக்கொண்டது. போருக்குப் பின்னும் படைக்குக் கத்தி செய்துவந்த கமிலஸ் 2007இல் மூடப்பட்டது. அதன் பழைய கத்திகளைத் தேடி வாங்கும் சேகரிப்பாளர்கள் இன்றும் அவற்றைக் ‘கமிலஸ் கேபார்’ என்றே கேட்கிறார்கள்.