முக்காட்டுப் பெண் எமோஜி

தலையையும் கழுத்தையும் முக்காட்டால் மூடிய பெண்ணைக் காட்டும் எமோஜி. சவூதி அரேபியாவைச் சேர்ந்த ரயூஃப் அல்ஹுமைதி, பெர்லினில் பள்ளி மாணவியாக இருந்தபோது, 15ஆம் வயதில் இதற்கான கோரிக்கையை எழுதினார். 2017 ஜூனில் வெளியான யூனிகோடு 10ஆம் பதிப்பில் அது இடம்பெற்றது.

எமோஜிகளுக்குப் பொதுக் குறியீடு வழங்குவது கலிஃபோர்னியாவில் உள்ள யூனிகோடு கூட்டமைப்பு. அதன் பட்டியலில் தலைப்பாகை கட்டிய ஆண் 2010இலேயே வந்துவிட்டார். 2015இல் பள்ளிவாசலும் கஅபாவும் தஸ்பீஹ் மணியும் சேர்ந்தன. தொழும் இடம் இருந்தது, இறைவனை நினைந்து திக்ர் ஓத மணி இருந்தது. பள்ளிக்கூடம் போய்வந்து தோழிகளோடு அரட்டையடிக்கும் முஸ்லிம் பெண் மட்டும் இல்லை. வாட்ஸ்அப் குழுவில் தோழிகள் ஆளுக்கொரு எமோஜியைத் தம் அடையாளமாக வைத்துக்கொண்டபோதுதான் ரயூஃபுக்கு இந்தக் குறை தெரிந்தது. தொழில்நுட்ப வல்லுநர்கள் பல ஆண்டுகளாகக் கவனிக்காததை ஒரு சிறுமி கண்டுகொண்டார் என்பதே இந்த எமோஜியின் வரலாற்றில் முதன்மையானது.

எமோஜிகளில் பன்முகத்தன்மைக்காக உழைத்துவந்த பத்திரிகையாளர் ஜெனிஃபர் 8. லீ கோரிக்கையைச் செம்மைப்படுத்த உதவினார். ரெடிட் தளத்தை நிறுவியவர்களுள் ஒருவரான அலெக்சிஸ் ஒஹானியனும் ஆதரவளித்தார். தலையை மூடும் வழக்கம் யூதப் பெண்களிடமும் ஆர்த்தடாக்ஸ் கிறித்தவப் பெண்களிடமும் உண்டு என்பதையும் கோரிக்கை எடுத்துக்காட்டியது. 2017 அக்டோபர் முதல் ஐஃபோன்களில் இது கிடைத்தது. அதே ஆண்டு டைம் இதழ் செல்வாக்குமிக்க பதின்ம வயதினர் பட்டியலில் ரயூஃபைச் சேர்த்தது.

எதிர்ப்பும் கடுமையாகவே வந்தது. முக்காடு பெண்ணை ஒடுக்குவது, அதற்குப் படம் எதற்கு என்று இணையத்தில் பலர் கேட்டனர். எதை மறைப்பது என்பதைத் தானே தீர்மானிப்பதால் முக்காட்டில் விடுதலையை உணர்வதாக ரயூஃப் பதில் தந்தார். இந்தப் பதிலில் நியாயம் இருக்கிறது. பிரான்ஸில் 2004ஆம் ஆண்டுச் சட்டப்படி அரசுப் பள்ளி மாணவிகள் முக்காட்டைக் கழற்ற வேண்டும். ஈரானில் அணியாவிட்டால் தண்டனை. இரண்டு நாடுகளும் பெண்ணின் விருப்பத்தைக் கேட்கவில்லை.

இளம் முஸ்லிம் பெண்கள் இணையத்தில் தம் குரலைப் பதிவுசெய்த முயற்சிகள் இதற்கு முன்னும் பின்னும் உண்டு. அமெரிக்காவின் நியூ ஜெர்சியில் அமானி அல்-கதாத்பா 17ஆம் வயதில், 2009இல், 'முஸ்லிம் கேர்ள்' இணையதளத்தைத் தொடங்கினார். அதே மாநிலத்தைச் சேர்ந்த 17 வயது ஃபெரோஸா அஸீஸ், 2019 நவம்பரில் டிக்டாக்கில் கண்ணிமை முடியைச் சுருட்டும் ஒப்பனைப் பாடம்போலத் தொடங்கி, சீனாவில் உய்குர் முஸ்லிம்கள் முகாம்களில் அடைக்கப்படுவதைச் சொன்னார். அவரது கணக்கு முடக்கப்பட்டது, காணொளியும் சிறிது நேரம் நீக்கப்பட்டது. கண்டனம் எழுந்ததும் நிறுவனம் மன்னிப்புக் கேட்டு இரண்டையும் மீட்டுத் தந்தது. அதற்குள் காணொளி உலகெங்கும் பரவியிருந்தது.