பாட்டனாரின் வெறுங்கை

காரைக்குடியிலிருந்து இரங்கூன் சென்று, செட்டியார் லேவாதேவிக் கடையொன்றில் சமையலாளாயிருந்த எம் பாட்டனாரைக் குடும்பத்தார் ஊதாரி என்றே சொல்லி வந்தனர். பத்தாண்டு உழைத்தவர் வெறுங்கையோடு திரும்பினாராம். எந்த ஆண்டென்று எவரும் கேட்டதில்லை. மறு ஆண்டு அத்தை பிறந்தார் என்பது மட்டும் தெரியும். பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டைப் புரட்டினோம்: அத்தைக்கு 1933.

கணக்குப் பிடிபட்டது. உலகப் பொருளாதார மந்தத்தால் 1930 முதல் நெல் விலை சரிய, பர்மிய உழவர் கடனுக்கு நிலத்தையே இழந்தனர். கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் செட்டியார் வசம் நூற்றுக்கு 6 பங்காயிருந்த நிலம் 1938-இல் 25 ஆயிற்று. நிலம் குவிந்தது; ரொக்கம் வற்றியது. சம்பளத்தைக் கடையிலேயே போட்டு வைத்திருந்த சமையலாளுக்கு எதை எடுத்துக் கொடுப்பார்கள்? (நிலமிழந்த உழவனின் துயரோ இதனினும் பெரிது.)

தொண்ணூறு கடந்த அத்தையிடம் சொன்னோம். நெடுநேரம் பேசாதிருந்துவிட்டு, "அப்பாவுக்கு ஒரு பூசை வைங்க சாமி" என்றார்.