பலெர்மோவின் போர்க்காலப் படச்சுருள்கள்: யார் எடுத்தார்கள், எங்கே இருக்கின்றன, எமக்கு என்ன சொல்கின்றன

பலெர்மோவில் வாழும் எம்மவருக்கு போரோ இத்தாலிக்கோ கடற்கரை நன்கு பழகிய இடம். ஞாயிறு மாலைகளில் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய் அந்தப் புல்வெளியில் இருப்போம். அந்தப் புல்லுக்குக் கீழே இருப்பது இயற்கையான மண் அல்ல. இரண்டாம் உலகப் போரின் குண்டுவீச்சில் இடிந்த வீடுகள், தேவாலயங்கள், மாளிகைகளின் இடிபாடுகளை அள்ளி வந்து கடலோரத்தில் கொட்டியதால் உருவான நிலம் அது. ஒரு போரால் இடம்பெயர்ந்து வந்த நாங்கள், இன்னொரு போரின் இடிபாடுகளுக்கு மேல் இருந்து கச்சான் கொறிக்கிறோம். எங்களில் பலருக்கு இது தெரியாது.

இந்த நகரின் போர்க்காலமும் அதன் பின்வந்த அரசியலும் படச்சுருள்களில் பதிவாகியுள்ளன. இங்கே பாடசாலை செல்லும் எங்கள் பிள்ளைகள் வரலாற்றுப் பாடத்தில் அவற்றின் துண்டுகளைப் பார்க்கிறார்கள். அவை யாரால் எடுக்கப்பட்டவை, எதைக் காட்டுகின்றன, எதை விட்டுவிட்டன என்பதை இக்கட்டுரையில் தொகுத்துத் தருகிறோம். இது எங்கள் வீட்டு அலுமாரிகளில் கிடக்கும் ஒளிநாடாக்களோடும் தொடர்புடைய விடயம்.

ஆட்சியாளரின் கமரா

இத்தாலியின் பழைய செய்திப்படங்களில் பெரும்பகுதி லூச்சே நிறுவனத்தால் எடுக்கப்பட்டவை. 1924இல் தொடங்கப்பட்ட இந்த நிறுவனம் விரைவிலேயே முசோலினி அரசின் பிரசாரக் கருவியானது. 1926இல் வந்த சட்டப்படி, நாட்டின் எல்லாத் திரையரங்குகளும் அதன் படங்களைக் கட்டாயமாகக் காட்ட வேண்டியிருந்தது. 1927 முதல் வாராந்தச் செய்திச்சுருள்கள் வெளிவந்தன. முசோலினி 1937 ஆகஸ்டில் சிசிலிக்கு வந்தபோதும் லூச்சேயின் கமராக்கள் கூடவே வந்தன. அந்தப் படங்களில் திரண்ட கூட்டமும் உயர்த்திய கைகளும் தெரிகின்றன. அந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் விரும்பி வந்தார்கள் என்று படம் சொல்லாது.

போர் தொடங்கிய பின்னரும் இதே நிலைதான். 1940 யூனிலேயே பலெர்மோ மீது குண்டுகள் விழத் தொடங்கின. 1943இன் முதல் மாதங்களில் தாக்குதல்கள் கடுமையாகின. ஏப்ரல் 5ஆம் திகதி எழுத்தாளர் யூசேப்பே தொமாசி தி லம்பெதூசாவின் குடும்ப மாளிகை அழிந்தது. சரியாக ஓராண்டுக்கு முன், 1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு அன்றுதான் யப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கியிருந்தன. ஏப்ரல் 18ஆம் திகதி பேராலயத்துக்குப் பின்புறமுள்ள செத்தாஞ்சலி சதுக்கத்தில் பதுங்கிடம் ஒன்றின் மீது குண்டு விழுந்து, உள்ளே ஒதுங்கியிருந்தவர்கள் கொல்லப்பட்டனர். மே 9ஆம் திகதி பட்டப்பகலில் அமெரிக்க விமானங்கள் நடத்திய தாக்குதல்தான் மிகப் பெரியது. பல்லரோ சந்தைக்கு அருகில் நாங்கள் அன்றாடம் கடந்து போகும் கசா புரொபெசா தேவாலயமும் அந்த ஆண்டில்தான் பெருமளவு சிதைந்தது. நகரசபைக் கட்டடம் இருக்கும் பிரெத்தோரியா சதுக்கத்தின் கீழே அக்காலப் பதுங்கிடம் ஒன்று இன்றும் இருக்கிறது. பங்கர் வெட்டி வாழ்ந்த எங்கள் தலைமுறைக்கு அதன் உள்ளே என்ன நடந்திருக்கும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை.

வெற்றியாளரின் கமரா

1943 யூலை 10ஆம் திகதி நேச நாட்டுப் படைகள் சிசிலியின் தென் கரையிலும் தென்கிழக்குக் கரையிலும் இறங்கின. யூலை 22ஆம் திகதி ஜெனரல் பற்றனின் அமெரிக்க ஏழாவது படை பலெர்மோவுக்குள் நுழைந்தது. தீவின் கிழக்குப் பகுதியில் பிரித்தானியப் படை முன்னேறியது. இதனால் ஆவணங்களும் இரண்டாகப் பிரிந்துள்ளன. பலெர்மோவைக் காட்டும் இராணுவப் படங்கள் பெரும்பாலும் அமெரிக்கச் சமிக்ஞைப் படைப்பிரிவின் படப்பிடிப்பாளர்கள் எடுத்தவை. அவற்றின் மூலம் மேரிலாந்திலுள்ள அமெரிக்கத் தேசிய ஆவணக்காப்பகத்தில் தேடப்பட வேண்டும். சிரக்கூசா, கத்தானியா பக்கத்துப் படங்களுக்கு இலண்டனிலுள்ள இம்பீரியல் போர் அருங்காட்சியகம் முதன்மையான இடம்.

அமெரிக்கப் படங்களில் மக்கள் வீதியோரம் நின்று கை அசைக்கிறார்கள். சிறுவர்கள் வாகனங்களின் பின்னே ஓடுகிறார்கள். படையினர் சிரிக்கிறார்கள். இவை பொய்யல்ல. ஆனால் மே மாதம் குண்டு வீசிய நாட்டின் கமராதான் யூலை மாதம் வரவேற்பைப் படமெடுத்தது. விமானத்திலிருந்து எடுத்த படத்தில் புகை தெரியும், மனிதர் தெரியமாட்டார். வீதியிலிருந்து எடுத்த படத்தில் மனிதர் தெரிவார், அவர்களுடைய பசியும் முந்திய மாதத்து இழவும் தெரியாது. இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால்தான் அந்த ஆண்டு ஓரளவு புரியும்.

இந்தப் படங்களில் பல ஒலியின்றி எடுக்கப்பட்டவை. இன்று தொலைக்காட்சியில் கேட்கும் கைதட்டலும் வெடியோசையும் பல வேளைகளில் பின்னர் சேர்க்கப்பட்டவை. பிள்ளைகளோடு பார்க்கும்போது இதைச் சொல்லிக்கொடுப்பது நல்லது.

கமரா வராத இடங்கள்

எங்கள் கடைகளும் நடமாட்டமும் நிறைந்த மக்குவேதா வீதியில் கொமித்தினி மாளிகை இருக்கிறது. 1944 ஒக்டோபர் 19ஆம் திகதி பாணும் வேலையும் கேட்டு அதன் முன்னே திரண்ட மக்கள் மீது இத்தாலிய இராணுவத்தினர் சுட்டார்கள். 24 பேர் இறந்தார்கள், 150க்கும் மேற்பட்டோர் காயமடைந்தார்கள். ‘பாண் படுகொலை’ என்று இந்த ஊரார் சொல்லும் இந்த நிகழ்வை இன்று நினைவூட்டுவது சுவரிலுள்ள ஒரு நினைவுக்கல்தான்.

அடுத்தது போர்தெல்லா தெல்லா ஜினெஸ்திரா. 1947 ஏப்ரல் 20ஆம் திகதி நடந்த சிசிலியின் முதலாவது பிராந்தியத் தேர்தலில் இடதுசாரிகளின் ‘மக்கள் கூட்டணி’ முதலிடம் பெற்றது. பதினொரு நாட்கள் கழித்து, மே தினத்தன்று, பலெர்மோவுக்குத் தெற்கேயுள்ள அந்த மலைவெளியில் குடும்பம் குடும்பமாகக் கூடியிருந்த விவசாயிகள் மீது சல்வதோரே ஜூலியானோவின் ஆயுதக் குழு சுட்டது. சிறுவர்கள் உட்பட 11 பேர் அந்த இடத்திலேயே உயிரிழந்தனர். துப்பாக்கிச் சூட்டை எந்தக் கமராவும் பதிவு செய்யவில்லை. பின்னர் வந்த கமராக்களுக்குக் கிடைத்தது கற்களும் கறுப்பு உடுத்திய பெண்களும்தான். சூட்டை நடத்தியவர்கள் தண்டிக்கப்பட்டார்கள். பின்னால் நின்று ஏவியவர் யார் என்ற கேள்வி இன்னமும் இத்தாலியில் கேட்கப்படுகிறது.

கமரா வந்தும் உண்மை வராமல் போவதுண்டு. 1950 யூலை 5ஆம் திகதி கஸ்தெல்வெத்திரானோ நகரில் ஒரு வீட்டு முற்றத்தில் ஜூலியானோவின் உடல் கிடந்தது. கரபினியேரி படையினரோடு நடந்த மோதலில் இறந்ததாக அறிவிக்கப்பட்டது. ஒளிப்படக்காரர்களும் செய்திப்படக்காரர்களும் அங்கே குவிந்தார்கள். ஆனால் தொம்மாசோ பெசோத்சி என்ற செய்தியாளர் அயலவர்களை விசாரித்து, அந்த மோதல் கதை பொருந்தவில்லை என்று எழுதினார். படம் காட்டிய முற்றம் ஒரு சோடிப்பு என்பது பின்னர் தெளிவானது. 1962இல் பிரான்செஸ்கோ ரோசி எடுத்த திரைப்படம் அந்த முற்றத்திலிருந்தே தொடங்குகிறது. முற்றத்தைப் படமெடுத்தவர்கள் பலர். அயல்வீட்டுக் கதவைத் தட்டிக் கேட்டவரால்தான் உண்மை வெளிவந்தது.

மக்களின் பக்கம் நின்ற கமராவும் உண்டு. 1923இல் பலெர்மோவில் பிறந்த வித்தோரியோ தெ சேத்தா, 1950களில் சிசிலியின் மீனவரையும் கந்தகச் சுரங்கத் தொழிலாளரையும் விவசாயிகளையும் குறும்படங்களில் பதிவு செய்தார். வர்ணனைக் குரலைத் தவிர்த்து, அவர்களின் பாட்டையும் வேலைச் சத்தத்தையுமே கேட்க விட்டார். சீசா பகுதியிலுள்ள கலாசார வளாகத்தின் திரையரங்கு இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இலங்கைக்குப் போன இத்தாலியர்

1948இல் இலங்கை சுதந்திரமடைந்த கையோடு அரசாங்கத் திரைப்படப் பிரிவு கொழும்பில் தொடங்கப்பட்டது. அதை ஆரம்பத்தில் நடத்தியவர்கள் இரண்டு இத்தாலியர்: இயக்குநர் ஜூலியோ பெத்ரோனி, ஒளிப்பதிவாளர் பெதெரிக்கோ செர்ரா. 1952இல் றால்ப் கீன் என்ற பிரித்தானியர் வந்தார், அவரோடு லெஸ்ரர் ஜேம்ஸ் பீரிஸ் இணைந்தார். பெத்ரோனி இத்தாலி திரும்பி, 1960களில் கௌபோய் படங்களால் பெயர் பெற்றார்.

திரைப்படப் பிரிவு அரசின் கமரா. புதிய நாடு தன்னை எப்படிக் காட்ட விரும்பியதோ அதையே அது முதலில் பார்த்தது. வடக்கு கிழக்கின் அன்றாட வாழ்வையும் அரசியலையும் எங்கள் பார்வையிலிருந்து சொல்லும் படங்களை அங்கே தேடி நிறைவடைய முடியாது.

எங்கள் ஒளிநாடாக்கள்

அந்தப் படங்கள் எங்களிடமே இருக்கின்றன. திருமண வீடியோக்கள், கோவில் திருவிழாக்கள், பாடசாலை விளையாட்டுப் போட்டிகள், 1995 ஒக்டோபர் 30 வலிகாமம் இடப்பெயர்வுக்கு முன்பும் பின்பும் எடுத்தவை, நிதர்சனம் வெளியிட்ட நாடாக்களின் பிரதிகள் என்று பலெர்மோ வீடுகளில் கிடப்பவை கொஞ்சமல்ல. அண்மையில் ஒரு வீட்டில் நாங்கள் சிலர் கூடி ஒரு நாடாவைப் போட்டுப் பார்த்தோம். உறையில் ‘திருவிழா 2’ என்று மட்டும் எழுதியிருந்தது. பின்னர் உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போன ஊர் ஒன்றின் கோவில் அது என்று அம்மம்மா ஒருவர் சொன்னார். தேர்முட்டியை வைத்து அடையாளம் கண்டார். வடம் பிடித்தவர்களில் இருவர் இப்போது உயிரோடு இல்லை என்றார். அவர் அங்கே இல்லாதிருந்தால், அது எங்கோ ஒரு கோவில், யாரோ சில பேர்.

அமெரிக்க, பிரித்தானிய இராணுவப் படங்கள் இன்றும் பயன்படக் காரணம், படப்பிடிப்பாளர் திகதியையும் இடத்தையும் எழுதிவைத்ததுதான். லூச்சே ஆவணக்காப்பகத்தை யுனெஸ்கோ 2013இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. அதன் தொகுப்பை இன்று இணையத்தில் தேடிப் பார்க்கலாம். பிரசாரமாக எடுத்த படமும்கூட, விபரம் எழுதப்பட்டிருந்தால் பின்னாளில் சாட்சியாகிறது. விபரம் இல்லாவிட்டால் உண்மையான படமும் ஊமையாகிறது.

ஆகவே நாங்கள் செய்யக்கூடியவை இவை:

நாடாக்களை வெப்பமும் ஈரமும் இல்லாத இடத்தில், புத்தகம் போல நிமிர்த்தி வையுங்கள். கடலோரக் காற்றில் பூஞ்சணம் எளிதில் பிடிக்கும். பூஞ்சணம் பிடித்ததை இயந்திரத்தில் போடாதீர்கள், நாடாவும் இயந்திரமும் கெட்டுவிடும். காந்த நாடாக்கள் சில பத்தாண்டுகளில் தாமாகவே நலிகின்றன, அவற்றை ஓட்டும் இயந்திரங்களும் அரிதாகிவிட்டன. எண்மியப் பிரதி எடுப்பதைத் தள்ளிப்போட வேண்டாம். எடுத்த பின்னரும் மூலத்தை எறிய வேண்டாம். பிரதியை இரண்டு இடங்களில் வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் முன்பாக, வீட்டிலுள்ள பெரியவரை அருகில் இருத்திப் பாருங்கள். எந்த ஊர், எந்த ஆண்டு, யார் எடுத்தது, யார் யார் தெரிகிறார்கள், எங்கே வெட்டப்பட்டிருக்கிறது என்பதை எழுதுங்கள். அவர் பேசுவதைக் கைபேசியில் பதிவு செய்யுங்கள். 2005 முதல் இயங்கும் நூலகம் எண்மிய ஆவணத் திட்டம் போன்ற முயற்சிகளுக்குக் கொடுப்பதா, வீட்டோடு வைத்திருப்பதா என்பதைக் குடும்பமே தீர்மானிக்கலாம். படத்தில் தெரிபவர்கள் இன்னும் ஊரில் வாழ்கிறார்கள் என்றால், பகிரும் முன் அவர்களின் பாதுகாப்பையும் விருப்பத்தையும் யோசிக்க வேண்டும்.

பலெர்மோவின் 1943ஐ நேரில் கண்டவர்கள் மிகச் சிலரே இன்று மிஞ்சியிருக்கிறார்கள். எங்கள் ஆண்டுகளைக் கண்டவர்கள் இன்னும் எங்களோடு இருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு கடற்கரைக்குப் போகுமுன் ஒரு நாடாவை எடுத்து, அதன் உறையில் ஊரையும் ஆண்டையும் எழுதுவோம்.