மானிப்பாய் வைத்தியர்

பிறநாட்டு நோயாளருக்குத் தொண்டு செய்யவெனத் தம் நாட்டையும் சுற்றத்தையும் விட்டுக் கப்பலேறிய கிறிஸ்தவ மருத்துவர்கள் பலர். ஆப்பிரிக்கக் காட்டில் மருத்துவமனை அமைத்த ஆல்பர்ட் சுவைட்சரின் பெயரை நேயர்களில் பெரும்பாலோர் கேட்டிருப்பீர்கள். அவர் 1913 ஆம் ஆண்டில் அங்குச் சென்று இறங்குவதற்கு அறுபத்தாறு ஆண்டுகள் முன்னரே, நமக்கு மிக அண்மையில், யாழ்ப்பாணத்துக்கு வந்து சேர்ந்த அமெரிக்க மருத்துவர் ஒருவரைத் தமிழர்களாகிய நாமே ஏறக்குறைய மறந்துவிட்டோம். அவர் பெயர் சாமுவேல் பிஸ்க் கிறீன்.

மாசச்சூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரில் 1822 ஆம் ஆண்டு பிறந்தவர் கிறீன். 1845 இல் நியூயார்க்கில் மருத்துவப் பட்டம் பெற்றார். அறுவையின்போது ஈதர் கொடுத்து நோயாளியை மயக்கலாம் என்பதைப் பாஸ்டன் மருத்துவர்கள் உலகறியக் காட்டியது அதற்கு மறு ஆண்டில்தான். அத்தகைய காலத்து மருத்துவர் அவர். அவருடைய தமையனார் ஆண்ட்ரூ கிறீன், பிற்காலத்தில் நியூயார்க் மாநகரை உருவாக்கியோருள் முதல்வராக எண்ணப்பட்டவர். தம்பியும் அந்நகரிலேயே செல்வாக்காக வாழ்ந்திருக்கலாம். அவரோ 1847 ஆம் ஆண்டு, தமது இருபத்தைந்தாம் வயதில், அமெரிக்க மிஷனின் மருத்துவராக யாழ்ப்பாணம் வந்தார். ஆங்கில அரசாங்கம் அந்நாளில் அமெரிக்கப் பாதிரிமாரை யாழ்ப்பாணக் குடாநாட்டில் மட்டுமே இருத்தியிருந்தது. அங்கே பண்டத்தரிப்பில் டாக்டர் ஜான் ஸ்கடர் 1820 முதல் மருத்துவம் செய்து, பின்னர்ச் சென்னைக்குப் பெயர்ந்திருந்தார்.

கிறீன் மானிப்பாயில் மருந்துச்சாலை வைத்தார். அவர் வந்த நோக்கம் கிறிஸ்தவ சமயத்தைப் பரப்புவதே. நோயாளிகள் மருந்தோடு வேதவசனமும் கேட்டே சென்றனர். அதை மறைத்துப் பேசுவது வரலாறு ஆகாது. ஆயினும் சமயம் மாறியவர் உடையையும் உணவையும் ஊர் வழக்கத்தையும் மாற்றி வெள்ளையரைப் போல் வேடமிடுவதை அவர் சிறிதும் விரும்பவில்லை. அக்காலத்துப் பாதிரிமார் பலரிடம் காணாத குணம் இது.

1848 ஆம் ஆண்டிலேயே இளைஞர் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கத் தொடங்கினார். கொழும்பில் மருத்துவப் பள்ளி தோன்றியது 1870 இல் என்பதை நினைவிற் கொள்க. முதலில் பாடம் ஆங்கிலத்தில்தான் நடந்தது. அதன் பயன் என்ன? நன்கு கற்றுத் தேறியவர்கள் அரசாங்க உத்தியோகம் பெற்று வெளியூர் சென்றனர். யாருக்காக அவர்களைப் பயிற்றினாரோ அந்தக் கிராமத்து நோயாளி முன்போலவே திண்ணையில் கிடந்தார். ஆசிரியத் தொழிலில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் கழித்த எனக்கு இந்த ஏமாற்றம் நன்றாகப் புரிகிறது. நம் பள்ளியில் தேறிய சிறந்த மாணவன் நம் ஊருக்குத் திரும்பி வருவது எத்தனை முறை நடந்திருக்கிறது?

கிறீன் இதற்குக் கண்ட வழி, தமிழிலேயே மருத்துவம் கற்பிப்பது. அதற்குப் புத்தகம் வேண்டும். புத்தகத்துக்குச் சொல் வேண்டும். இரண்டையும் ஆக்கும் வேலையில் இறங்கினார். 1857 இல் பிரசவ வைத்தியம் வெளிவந்தது. அவ்வாண்டை அடுத்துத் தாய்நாடு சென்றவர், 1862 இல் மனைவியோடு திரும்பி வந்து, தமிழ் வகுப்பை நடத்தினார். 1867 இல் இரண வைத்தியம் என்ற அறுவை நூலும், 1872 இல் மனுஷ அங்காதிபாதம் என்ற உடற்கூற்று நூலும், வைத்தியாகரமும் வந்தன. அங்காதிபாதம் என்பது இங்கிலாந்து மருத்துவ மாணவர்கள் அன்று படித்த கிரே என்பாரின் நூலே. தமிழ்ச் சொல் கிடைக்குமாயின் அதைக் கொள்வது, இல்லையேல் வடசொல், அதுவும் இல்லையேல் ஆங்கிலச் சொல்லையே தமிழ் ஒலிக்கு இசைய எழுதுவது என்பது அவர் வகுத்துக்கொண்ட நெறி. அதனால்தான் வேதியியல் நூலுக்குக் 'கெமிஸ்தம்' என்று பெயர் வைத்தார். இன்று கேட்டால் நமக்குச் சிரிப்பு வரலாம். வேதியியல் என்ற சொல் அன்று பிறக்கவில்லையே!

இவ்வேலையில் அவருடைய மாணாக்கர்களே அவருக்குத் துணை. அவர்களில் சிலர் சாப்மன், டான்வர்த் என்ற பெயர்களை உடையவர்கள். அசல் யாழ்ப்பாணத் தமிழர்களே. மாணவரைத் தாங்கிய அமெரிக்கக் கொடையாளரின் பெயரைச் சூட்டுவது மிஷனின் வழக்கம். தமிழ் உடையை விடாதே என்று போதித்தவரின் மாணாக்கருக்குத் தமிழ்ப் பெயர் தங்கவில்லை!

1873 இல் உடல் நலிந்து ஊர் திரும்பிய பின்னரும் கிறீன் நூற்பணியை விடவில்லை. வூஸ்டரில் இருந்துகொண்டே தமிழ் ஏடுகளைத் திருத்தினார். கெமிஸ்தம் 1875 இல் நாகர்கோவிலில் அச்சாயிற்று. மனுஷ சுகரணம் 1883 இல் வந்தது. அடுத்த ஆண்டு அவர் மறைந்தார். தமிழருக்கு மருத்துவ ஊழியம் செய்தவர் என்று தம் கல்லறையில் எழுதுமாறு கேட்டுக்கொண்டார். மானிப்பாயில் அவர் பெயரால் மருத்துவமனை உண்டு. தமிழ் வகுப்போ அவர் போன பின் நிலைக்கவில்லை.

இவ்வரலாற்றை நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. பன்னிரண்டு ஆண்டும் தமிழிலேயே பயின்ற என் மாணவன் ஒருவன் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்தான். முதல் விடுமுறையில் கண் கலங்க என் வீட்டுக்கு வந்தான். "ஐயா, எலும்பைப் பார்த்தால் தெரிகிறது. பெயர் வாயில் வரவில்லை" என்றான். தாய்மொழிக் கல்வியைப் பற்றி மேடைதோறும் பேசிய நான் அன்று செய்தது என்ன? ஓர் ஆங்கில அகராதி வாங்கிக் கொடுத்து, இரவு பகலாகப் படி என்று சொல்லி அனுப்பினேன். வேறு வழி எனக்குத் தோன்றவில்லை. இன்றும் தோன்றவில்லை.

பிறகு ஒரு நூலகத்தில் கிறீனின் அங்காதிபாதத்தைப் பார்த்தேன். தலையோடு முதல் கால்விரல் வரை எலும்பு எலும்பாகத் தமிழில் இருந்தது. சில பக்கங்களைப் பெயர்த்தெழுதி வைத்திருந்து, அவன் அடுத்த முறை வந்தபோது காட்டினேன். ஆவலோடு வாங்கி உரக்கப் படித்தான். இரண்டு மூன்று பெயர்களைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்து மகிழ்ந்தான். பின் தாளை மடித்துக்கொண்டே, "இதைப் பரீட்சையில் எழுதினால் மதிப்பெண் கொடுப்பார்களா, ஐயா?" என்று கேட்டான்.