துடைத்த துணியும் துவைத்த கையும்

சீன தேசத்தின் வடமேற்கே, பட்டு வணிகர் சென்ற பெருவழி பாலைநிலத்தைத் தொடும் துன்ஹுவாங் நகருக்கு அணித்தாக, ஷுவான்சுவான் என்னும் பழைய அஞ்சல் சாவடி ஒன்று நெடுங்காலம் மணலுக்குள் புதைந்து கிடந்தது. கி.மு. 111-ஆம் ஆண்டில் ஏற்பட்டு, கி.பி. 109 வரையில் அரசாங்கத் தூதர்களும் வழிப்போக்கர்களும் குதிரை மாற்றி இளைப்பாறிச் சென்ற அந்த இடத்தை 1992-இல் அகழ்ந்து பார்த்தபோது, அதன் கழிப்பிடத்திலிருந்து சில கோல்கள் கிடைத்தன. மரத்திலும் மூங்கிலிலும் செய்து, ஒரு முனையில் துணி சுற்றி வைத்த சிறு கோல்கள் அவை. அந்தத் துணியில் ஏறக்குறைய ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் துடைத்த மலம் உலர்ந்து ஒட்டியிருந்தது. பாலைவனத்தின் வறட்சியால் மக்காமல் தப்பிய அந்தத் துணிகளை ஆராய்ந்தவர்கள் 2016-இல் வெளியிட்ட முடிவின்படி, அவற்றில் பல குடற்புழுக்களின் முட்டைகளோடு, நீர்வளம் மிக்க சதுப்புநிலப் பகுதிகளிலன்றி வாழ முடியாத கல்லீரல் புழுவின் முட்டையும் இருந்தது. அந்தப் புழு பரவியிருக்கக்கூடிய பிரதேசமோ சாவடியிலிருந்து ஆயிரத்தைந்நூறு கிலோமீட்டருக்குக் குறையாத தூரத்தில் உள்ளது. யாரோ ஒரு யாத்திரிகர் தம் நோயைத் தம்முடன் சுமந்துகொண்டு, அத்தனை தூரத்தையும் கடந்து அங்கே வந்து தங்கியிருக்கிறார் என்பதற்கு அந்தக் கந்தல் துணியே சாட்சி.

இந்தச் செய்தியை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் உண்டு. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இக்காலத்தில் சில குடும்பங்கள் கழிவறைக் காகிதச் சுருளைக் கைவிட்டு, பழைய பருத்திச் சட்டைகளையும் ஃபிளானல் துணியையும் உள்ளங்கை அகலத்துக்குச் சதுரம் சதுரமாக வெட்டி, துடைத்தபின் துவைத்து மறுபடியும் பயன்படுத்துகின்றன. அவர்கள் அதற்கு இட்டுக்கொண்ட பெயர் 'ஃபேமிலி க்ளாத்', அதாவது குடும்பத் துணி. கேட்பவர் பலர் இதைப் புதுமோகம் என்று நினைத்து முகம் சுளிக்கிறார்கள். சரித்திரத்தைப் புரட்டினால் புதுமையானது துணியன்று, காகிதமே என்பது விளங்கும். அதோடு, துணி ஏன் போயிற்று, ஏன் திரும்பி வருகிறது என்ற கேள்விக்கு விடை தேடப் புகுந்தால், அது துடைத்தவரின் கதையாக நில்லாமல், துவைத்தவரின் கதையாகவே விரிந்துவிடுகிறது.

காகிதமும் துணியும் ஒன்றுக்கொன்று அந்நியப் பொருள்கள் அல்ல. கி.பி. 105-இல் சாய் லுன் என்ற அரண்மனை அதிகாரி சீனச் சக்கரவர்த்தியின் முன் சமர்ப்பித்த காகிதம், மரப்பட்டையும் சணல் நாரும் கிழிந்த மீன்வலையும் கந்தல் துணியும் சேர்த்து இடித்த கூழிலிருந்து பிறந்தது என்று அந்நாட்டு வரலாற்று நூல் கூறுகிறது. அந்தக் காகிதத்தைச் சௌசத்துக்கும் பயன்படுத்தலாயினர் என்பது, ஆறாம் நூற்றாண்டின் இறுதியில் வாழ்ந்த யான் சிதுய் என்னும் அறிஞர் தம் சந்ததியாருக்கு எழுதிவைத்த உபதேச நூலால் தெரிகிறது. சாஸ்திர வாக்கியங்களோ சான்றோர் நாமங்களோ எழுதிய காகிதத்தை அந்தக் காரியத்துக்குத் தாம் எடுக்கத் துணிவதில்லை என்று அவர் அதில் குறிக்கிறார். காகிதத்தில் கால் பட்டுவிட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளும் நம் வீட்டுக் குழந்தைக்கு அந்த மனிதரின் மனம் எளிதில் புரியும். 1393-இல் மிங் அரசவையின் உபயோகத்துக்கென்று ஓராண்டில் 7,20,000 தாள்கள் செய்தார்களாம். அரச குடும்பத்துக்கு மட்டும் மென்மையும் நறுமணமும் கூட்டிய 15,000 தாள்கள் தனியே செய்யப்பட்டன. இதற்கெல்லாம் முன்பே, 851-ஆம் ஆண்டினதாகச் சொல்லப்படும் அரபு வணிகரின் குறிப்பொன்று, சீனர் நீரால் கழுவுவதில்லை, காகிதத்தால் துடைத்துக்கொள்கிறார்கள் என்று வியப்போடு பதிவு செய்திருக்கிறது. நீரைக் கொண்டு சுத்தி செய்யும் மரபில் வந்தவருக்கு அது வியப்பாகத்தான் இருந்திருக்கும். ஏழாம் நூற்றாண்டில் நாளந்தாவில் பல்லாண்டு தங்கிக் கற்ற சீனத் துறவி இத்சிங், நம் நாட்டு விகாரங்களில் மண்ணும் நீரும் கொண்டு கழுவும் முறையைத் தம் நாட்டவர் கற்றுக்கொள்ள வேண்டுமென்று விரிவாக எழுதியது, அதே வியப்பின் மறுபக்கம்.

ஐரோப்பாவில் குளிரும் வழக்கமும் சேர்ந்து துடைப்பதையே நிலைநிறுத்தின. எதைக்கொண்டு துடைப்பது என்பதில்தான் ஏழைக்கும் செல்வருக்கும் பேதம். பாசியும் வைக்கோலும் இலையும் ஏழைக்கு, துணி செல்வருக்கு. பதினைந்தாம் நூற்றாண்டின் நடுவில், கிளாஸ்டர் கோமகனிடம் ஊழியம் பார்த்த ஜான் ரஸ்ஸல் என்பவர் இளம் பணியாளருக்காக எழுதிய ஒழுக்க நூலில், எஜமானரின் கழிவறையில் வைத்திருக்க வேண்டிய பொருள்களுள் கம்பளி, பருத்தி, லினன் ஆகிய துணிகளைத் தவறாமல் எண்ணுகிறார். இங்கிலாந்து மன்னனுக்கு இந்த அந்தரங்க வேளையில் உடனிருந்து உதவுவதற்கென்றே ஒரு பதவி இருந்தது. எட்டாம் ஹென்றியின் காலத்தில் அதை வகித்தவர்கள் அரசனின் காதுக்கு மிக அருகிலிருந்ததனால் ராஜாங்கத்திலும் பெரும் செல்வாக்குப் பெற்றார்கள். பிரெஞ்சு நாட்டு ரபலே 1534-இல் வெளியிட்ட கதையில் கார்கன்துவா என்னும் அரக்கச் சிறுவன், எதனால் துடைப்பது உத்தமம் என்று ஒன்றன்பின் ஒன்றாகப் பரீட்சை செய்கிறானே, அந்த நீண்ட பட்டியலும் சீமாட்டியர் அணியும் மெல்லிய துணிகளிலிருந்தே தொடங்குகிறது.

ஆனால் அந்தத் துணி அடுத்த நாள் எங்கே போயிற்று? ஏட்டில் எழுதிவைத்தவர் எவரும் இதைச் சொல்லவில்லை. எஜமானர் பேர் எழுதியிருக்கிறது, பதவியின் பேர் எழுதியிருக்கிறது. துவைத்த பெண்ணின் பேர் பெரும்பாலும் இல்லை. அக்காலத்து ஐரோப்பிய வீடுகளில் பெருந்துவையல் என்பது மாதக்கணக்கில் சேர்த்துவைத்த லினனையெல்லாம் மரத்தொட்டியில் அடுக்கி, விறகுச் சாம்பலின் காரநீரைச் சூடாக்கி மேலிருந்து வார்த்து, வடிந்ததை எடுத்து மறுபடியும் வார்த்து, பிறகு ஆற்றில் அடித்து அலசி, புல்வெளியில் விரித்து வெளுக்கும் பல நாள் வேலை. வீட்டில் துணி எத்தனைக்கெத்தனை அதிகமோ அத்தனைக்கத்தனை துவையல் நாள் தள்ளிப் போகும். ஆகையால் மிகுதியான துணி வைத்திருப்பதே கௌரவமாயிற்று. அந்தத் துணியைக் கையால் தொட்டவர்கள் கூலிக்கு வந்த சலவைப் பெண்கள்.

இதைச் சொல்லும்போது நம் பக்கத்தையும் சொல்லியாக வேண்டும். நீரால் கழுவும் வழக்கம் உடையவர்களாகையால் துடைக்கும் துணி நமக்குத் தேவைப்படவில்லை. இதில் நாம் பெருமைப்படலாம். எனினும் பிறந்த குழந்தைக்குப் பல தடவை துவைத்து மெத்தென்றாகிவிட்ட பழைய வேட்டியைக் கிழித்து வைத்ததும், பெண்கள் மாதத்தில் சில நாள் துணி வைத்துக்கொண்டதும் நம் வீடுகளில்தான். பிரசவத்துத் துணியையும் விலக்குத் துணியையும் எடுத்துச் சென்று வெளுத்துத் தருவதையும், தீட்டுக் கழிவதற்கு 'மாற்று' என்று வெளுத்த சேலை கொண்டுவந்து கொடுப்பதையும், ஊருக்குச் சலவை செய்த குலத்துப் பெண்களின் கடமையாக்கிய சமுதாயம், அந்தக் கடமையைச் செய்ததனாலேயே அவர்களைத் தாழ்வாக நடத்தியது. களர்நிலத்தில் கிணறு தோண்டி நாள்தோறும் துணி வெளுத்தவளைப் பற்றிப் புறநானூறே பேசுகிறது. அத்தனை பழமையானது அந்த உழைப்பு. உவர்மண்ணில் ஊறவைத்து வெள்ளாவியில் வேகவைக்கும் அந்த முறையே நோய்க்கிருமியைக் கொன்று தாயையும் சேயையும் காத்தது என்று இன்று அறிகிறோம். நம் ஆரோக்கியத்தை அவர்கள் கையில் ஒப்புவித்துவிட்டு, அந்தக் கையைத் தீண்டத் தயங்கினோமே என்று நினைக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

ஐரோப்பாவில் துணிக்கும் காகிதத்துக்கும் இடையே வேறொரு வழக்கு நடந்துகொண்டிருந்தது. அங்கே காகிதம் முழுக்கக் கந்தலிலிருந்தே செய்யப்பட்டது. 1588-இல் டார்ட்ஃபோர்டில் ஆலை வைத்த ஜான் ஸ்பில்மன் என்பவருக்கு எலிசபெத் அரசி கந்தல் சேகரிக்கும் ஏகபோக உரிமையையே வழங்கினாள். அச்சகங்கள் பெருகப் பெருகக் கந்தலுக்குப் பெரும் பஞ்சம் வந்தது. 1854-இல் லண்டன் 'டைம்ஸ்' பத்திரிகை, கந்தலுக்கு மாற்றான மலிவுப் பொருளைக் கண்டுபிடிப்பவருக்கு 1,000 பவுன் பரிசளிப்பதாக அறிவிக்கும் அளவுக்கு நெருக்கடி முற்றிவிட்டது. பத்து ஆண்டுகளுக்கு முன்பே, 1844-இல், சாக்ஸனியில் கெல்லர் என்ற நெசவாளி மரத்தைக் கல்லில் அரைத்துக் கூழாக்கும் வழியைக் கண்டிருந்தார். அது தொழிலாக வளர்ந்தபின்தான் காகிதம் என்பது எறிந்துவிடக்கூடிய பொருளாயிற்று. கந்தலுக்கு விலை இருந்தவரையில் காகிதத்தைக் குழியில் போட எளிதில் எவருக்கும் மனம் வராது. காடு காகிதமானபோது அந்தத் தயக்கம் நீங்கிற்று.

1857-இல் நியூயார்க்கில் ஜோசப் கயெட்டி என்பவர், மணிலா சணல் நாரில் கற்றாழைச் சத்து ஏற்றிய தாள்களை மருந்துக் காகிதம் என்று விற்கத் தொடங்கினார். தாள்தோறும் தம் பெயரை நீர்க்குறியாகப் பதித்தார். 500 தாளின் விலை 50 சென்ட். மூலநோய்க்கு நிவாரணம் என்று அவர் விளம்பரம் செய்தாலும் மக்கள் அத்தனை விரைவில் மயங்கவில்லை. வீட்டுக்கு வரும் செய்தித்தாளும் சாமான் விலைப்பட்டியலும் இலவசமாக இருக்கும்போது காசு கொடுத்துக் காகிதம் வாங்குவானேன்? அமெரிக்கக் கிராமங்களில் மக்காச்சோளத் தக்கையும் போதுமானதாக இருந்தது. உழவர் பஞ்சாங்கம் ஒன்று, கழிப்பிடத்து ஆணியில் மாட்டுவதற்கு வசதியாக 1919 முதல் மூலையில் துளையிட்டே அச்சாகி வந்தது. நிலைமையை மாற்றியவை விளம்பரங்கள் அல்ல. வீட்டுக்குள் வந்த நீர்த்தொட்டிக் கழிவறையும் நிலத்தடிக் கழிவுக் குழாயும். செய்தித்தாளும் தக்கையும் குழாயை அடைத்துக்கொள்ளும். நீரில் நெகிழ்ந்து போகும் மெல்லிய காகிதம் ஒன்றுதான் அதற்கு ஏற்றது. ஆல்பனி நகரத்து சேத் வீலர் துளைக்கோடு இட்ட சுருளுக்கு 1891-இல் காப்புரிமை பெற்றார். பிலடெல்பியாவின் ஸ்காட் சகோதரர்கள் 1890-இல் சுருள்களை விற்கலானார்கள். ஆனால் இத்தகைய சரக்கின்மேல் தங்கள் குடும்பப் பெயரைப் போடக் கூசி, ஹோட்டல்களும் மருந்துக்கடைகளும் தத்தம் பெயரிலேயே விற்றுக்கொள்ளும்படி நெடுநாள் விட்டுவிட்டார்கள். 1935-இல்கூட விஸ்கான்சினில் ஓர் ஆலை, தன் காகிதத்தில் மரச்சிராய் இல்லை என்பதையே பெருமையாக விளம்பரம் செய்தது என்றால், அதற்கு முந்தைய காகிதம் எப்படியிருந்திருக்கும் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

காகிதத்தின் வெற்றி அதன் மென்மையால் வந்ததன்று என்பது என் எண்ணம். வீட்டில் துவைக்கும் பெண்ணின் தலையிலிருந்து ஒரு சுமையை அது இறக்கியது. விலக்குத் துணிக்குப் பதிலாக 1920-இல் கோடெக்ஸ் வந்ததும், குழந்தைத் துணிக்குப் பதிலாக 1961-இல் பேம்பர்ஸ் வந்ததும் இதே காரணத்தால்தான் நிலைத்தன. கொதிநீர்த் தொட்டியின் முன் நின்று கை வெந்தவர்கள் காகிதத்தை வரவேற்றதைக் குறை சொல்ல நமக்கு உரிமையில்லை. மின்சாரச் சலவை யந்திரம் சாதாரண வீடுகளுக்குப் பரவியது, துடைக்கும் துணி வழக்கொழிந்து வெகுகாலத்துக்குப் பின்பே. வரிசை மாறி, யந்திரம் முதலில் வந்திருந்தால் காகிதம் இத்தனை எளிதாக நுழைந்திருக்குமா என்று நான் பல தடவை எண்ணியதுண்டு.

அந்த எளிமைக்கு விலை கொடுப்பது காடு. உலக மக்கள்தொகையில் நூற்றுக்கு நான்கு பேருக்குச் சற்றே மேற்பட்ட அமெரிக்கர், உலகில் செலவாகும் மென்காகிதத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் செலவழிக்கிறார்கள் என்றும், அதன் கூழில் கணிசமான பகுதி கனடாவின் வடபுலத்துப் பழங்காடுகளிலிருந்து வருகிறது என்றும் அந்நாட்டு இயற்கைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று 2019-இல் வெளியிட்ட அறிக்கை எடுத்துரைத்தது. காகிதம் தீர்ந்துவிடுமோ என்ற அச்சமும் அந்த விலையோடு சேர்ந்தது. 1973 டிசம்பரில் அமெரிக்கக் காங்கிரஸின் விஸ்கான்சின் பிரதிநிதி ஒருவர் காகிதப் பஞ்சம் வரலாம் என்று எச்சரித்ததைத் தொலைக்காட்சி நிகழ்ச்சியாளர் ஜானி கார்சன் வேடிக்கையாக எடுத்துச் சொல்ல, மறுநாளே ஜனங்கள் கடைகளைக் காலி செய்து இல்லாத பஞ்சத்தை உண்டாக்கிவிட்டார்கள். 2020 மார்ச்சில் கொள்ளைநோயின் அச்சத்தால் அதே காட்சி பல தேசங்களில் நடந்தது. சில குடும்பங்கள் துணிக்கு மாறியதும் அந்த நாட்களிலேதான்.

அவர்கள் முறை நமக்குப் பழக்கமானது போலவே தோன்றும். சிலர் முதலில் நீரைத் தெளித்துக் கழுவி, பிறகு துணியால் ஒற்றியெடுக்கிறார்கள். வேறு சிலர் சிறுநீருக்கு மட்டும் துணியை வைத்துக்கொண்டு மற்றதற்குக் காகிதத்தையே நாடுகிறார்கள். பயன்படுத்திய துணி மூடியிட்ட வாளியில் சேர்கிறது. இரண்டு மூன்று நாளுக்கொருமுறை, மற்றத் துணிகளோடு கலவாமல், 60 டிகிரிக்குக் குறையாத வெந்நீரில் யந்திரம் துவைக்கிறது. வெந்நீர் இந்த முறைக்கு உயிர்நாடி. துவைக்காத துணி எதைச் சுமந்திருக்கும் என்பதற்கு ஷுவான்சுவான் கோல்களே போதிய அத்தாட்சி. வாளியைத் தூக்கி யந்திரத்தில் போடுவது யார் என்ற ஏற்பாடு மட்டும் வீட்டுக்கு வீடு வேறுபடுகிறது. தலைமுறை தலைமுறையாகப் பெண்ணின் கைக்கே வந்த அந்த வாளியை ஆணும் முறைபோட்டு எடுக்கும் வீடுகள் இருக்கின்றன என்பது எனக்கு இந்தச் சரித்திரம் முழுவதிலும் மிகவும் மகிழ்ச்சி தரும் செய்தி.

துணிக்கு மாறிய இந்த வீடுகளிலும் பல ஒரு காகிதச் சுருளை அலமாரியில் ஒதுக்கி வைத்திருக்கின்றன, வரும் விருந்தாளிகளுக்காக.