அசைவை அறியும் கருவியும் வேலூரின் கைகளும்

உடலசைவைக் கொண்டே வீடியோ விளையாட்டை இயக்கும் முறைக்கு வரலாறு எழுதுவோர் பெரும்பாலும் அமெரிக்காவில் தொடங்கி ஜப்பானில் முடித்துவிடுகின்றனர். 1989-இல் மேட்டல் நிறுவனம் விற்ற பவர் குளோவ் என்னும் கையுறை, 2003-இல் சோனியின் ஐடாய், 2006-இல் நின்டெண்டோவின் வீ, 2010 நவம்பரில் மைக்ரோசாஃப்ட்டின் கினெக்ட் என அப்பட்டியல் நீளும். அதில் வேலூருக்கு இடமில்லை. இருந்திருக்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

கினெக்ட் செய்தது இதுதான்: கண்ணுக்குப் புலப்படாத அகச்சிவப்புப் புள்ளிகளை அறையெங்கும் தெளித்து, அவை பொருள்களின் மீது எவ்வாறு பிறழ்ந்து விழுகின்றன என்பதிலிருந்து தொலைவைக் கணித்தது, பின் அவ்வுருவத்தில் கை எது, முழங்கால் எது எனப் பிரித்தறிந்தது. கையில் எதையும் பிடிக்க வேண்டியதில்லை. எனினும் தடையின்றி அசையும் உடலை அது எதிர்பார்த்தது. 2017-இல் அதன் உற்பத்தி நின்றது. வரவேற்பறையில் நிலைக்காத அந்நுட்பத்தை மருத்துவ ஆய்வாளர்கள் விரும்பி எடுத்துக்கொண்டனர் என்பது கவனிக்கத்தக்கது.

கையின் அசைவு பற்றிய கேள்வி வேலூரில் அதற்கு அறுபதாண்டுகளுக்கு முன்பே எழுந்துவிட்டது. 1914-இல் கொல்லிமலையில் பிறந்த பால் பிராண்ட், 1946-இல் வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். செங்கல்பட்டுத் தொழுநோய் இல்லத்தில், விரல்கள் உள்நோக்கி மடங்கிப்போன நோயாளி ஒருவரின் கையைப் பற்றியபோது அக்கை திருப்பி அழுத்திய வலு அவரைத் திடுக்கிட வைத்தது. பயனற்றதென்று கைவிடப்பட்ட கையில் நலமான தசைகள் இருந்தன! 1948 முதல், வலுவுள்ள தசையின் நாணை இடம் மாற்றி, செயலிழந்த தசையின் வேலையை அதற்குத் தரும் அறுவைகளை அவர் செய்யலானார்.

அறுவை பாதி வேலைதான். நேற்றுவரை ஒரு விரலை மடக்கிய தசைக்கு இன்று வேறு பணி. அதனை மூளை புதிதாகப் பழக வேண்டும். ஒரு பொத்தானின் பணியை இன்னொன்றுக்கு மாற்றிவிட்டு ஆடச் சொல்வதைப் போன்றது அது. (ஒப்புமை சற்றுக் கொச்சையானதுதான், ஆனால் பொருந்துகிறது.)

1954-இல் விபத்தில் இடுப்புக்குக் கீழ் செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளரின் கைகளுக்கு அறுவை செய்தவர். பாகாயத்தில் 1966-இல் தொடங்கப்பட்ட மறுவாழ்வு நிலையம் அவரது உழைப்பின் பயன். அதே காலத்தில் அமெரிக்காவின் கார்வில் சென்ற பிராண்ட், உணர்விழந்த கைக்கு எச்சரிக்கை தரும் கையுறையைப் பிற்பாடு செய்து பார்த்தார். அழுத்தம் மிகும்போது கருவி ஒலியெழுப்பும். நோயாளிகளோ அதைப் பொருட்படுத்தவில்லை. தொல்லையாகத் தோன்றினால் அணைத்துவிட்டனர். கருவி அறிந்தது மனிதருக்கு உணர்வாகவில்லை. பவர் குளோவின் தோல்வியை நகைச்சுவையாக எழுதுவோர் இக்கையுறையையும் நினைவில் கொள்ளலாம்.

இவ்வழியில் வந்ததே 'புளூட்டோ'. சென்னை ஐ.ஐ.டி.யில் சுஜாதா சீனிவாசன், வேலூரில் சிவகுமார் பாலசுப்பிரமணியன் ஆகியோரின் குழுக்கள் இணைந்து உருவாக்கிய கருவி. 2021-இல் அதன் வடிவமைப்பு ஆய்விதழில் வெளிவந்தது. ஒரே மோட்டார், மாற்றி மாற்றிப் பொருத்தத்தக்க கைப்பிடிகள். பக்கவாதம் கண்டவர் மணிக்கட்டை மடக்கினாலோ, முன்கையைத் திருப்பினாலோ, விரல்களை விரித்தாலோ திரையில் விளையாட்டு நகரும். கை தானே முடிக்கவியலாத அசைவை மோட்டார் தாங்கி நிறைவு செய்யும்.

இங்கே கினெக்டின் தர்க்கம் தலைகீழாகிறது. அங்கு விளையாட்டே நோக்கம், அசைவு அதற்கு வழி. இங்கோ விளையாட்டு ஒரு தூண்டில் மட்டுமே. நூற்றுக்கணக்கான முறை சலிப்பின்றிக் கையை அசைக்க வைப்பதற்காகப் போட்டது. ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பகுதிகளின் தோல் பதனிடும் கூடங்களிலும் ஷூ கம்பெனிகளிலும் கையே பிழைப்பு. மேல்தோலைப் பிடித்துத் தையல் எந்திரத்தின் ஊசிக்கு நேரே திருப்பித் தருபவருக்கு, மணிக்கட்டின் திருப்பம் ஒரு நாள் கூலிக்குச் சமம். ஆரோக்கியமானவர் கவனிக்கவே மாட்டாத சில பாகை அசைவை, வரவேற்பறைக் கருவி பிழையெனத் தள்ளிவிடும். புளூட்டோவின் முன் அமர்பவருக்கு முதலில் அளக்கப்படுவதோ, அந்தச் சில பாகைகள்தாம்.