விரதம், பஞ்சம், நோய்: உண்ணாமையின் சென்னை வரலாறு

உண்ணல் கோளாறுகளில் மூன்று முக்கியமானவை. உணவைக் குறைத்துக்கொண்டே போய் உடலை வற்றவைப்பது அனோரெக்ஸியா நெர்வோசா. கட்டுமீறி உண்டுவிட்டு, வாந்தி எடுத்தோ பட்டினி கிடந்தோ அதை ஈடுகட்ட முயல்வது புலிமியா நெர்வோசா. ஈடுகட்டும் முயற்சி இல்லாமல் அளவுமீறி உண்பது மிகையுண்ணல் கோளாறு. அனோரெக்ஸியாவை 1873-இல் லண்டனில் வில்லியம் கல், பாரிஸில் சார்ல் லாசேக் ஆகிய இரு மருத்துவர்கள் தனித்தனியே விவரித்தனர். புலிமியாவுக்கு 1979-இல் ஜெரால்டு ரஸ்ஸல் பெயரிட்டார். சென்னையின் மருத்துவ எழுத்தில் இந்நோய்கள் 1990-களில்தான் இடம்பெறத் தொடங்கின. உண்ணாமல் இருப்பதற்கு இந்நகரில் வேறு விளக்கங்கள் முன்பே இருந்தது இத்தாமதத்துக்கு ஒரு முக்கியக் காரணம்.

முதல் விளக்கம் விரதம். மயிலாப்பூர் வீடுகளில் ஏகாதசி, கிருத்திகை, கந்த சஷ்டி, பிரதோஷம் எனப் பஞ்சாங்கமே பட்டினிக்கு நாள் குறித்துத் தந்தது. விரதத்துக்கு முடிவும் உண்டு. ஏகாதசி உபவாசம் மறுநாள் துவாதசியில் அகத்திக்கீரை, நெல்லிக்காய், சுண்டைக்காயுடன் பாரணை செய்து நிறைவுபெறும். குழந்தைகள், முதியோர், நோயாளிகள், கருவுற்றோர் ஆகியோருக்கு விலக்கு உண்டு. யார் எதற்காக உண்ணாமல் இருக்கிறார் என்பது வீடு முழுவதற்கும் தெரியும். மயிலாப்பூர்க் கபாலீசுவரர் கோயிலின் பங்குனிப் பெருவிழாவில் மாடவீதிகளைச் சுற்றிவரும் அறுபத்துமூன்று நாயன்மாரில் காரைக்கால் அம்மையாரும் ஒருவர். அழகிய உடலைத் துறந்து பேயுருவை வேண்டிப் பெற்றவர் என்று பெரிய புராணம் சொல்லும் அவரைச் சோழர் காலச் செப்புத் திருமேனிகள் எலும்பும் நரம்புமாகக் காட்டுகின்றன. அந்த மெலிவை ஊர் வணங்கியது. இடைக்கால ஐரோப்பாவிலும் சியன்னா நகரத்துக் கத்தரீன் போன்ற பெண் துறவியரின் உண்ணாநோன்பு புனிதமாகவே போற்றப்பட்டது. அவர்களுக்கு இன்றைய நோய்ப்பெயரைச் சூட்டுவது பொருந்தாது. ஆனால் மெலிவுக்கு மதிப்புத் தரும் பண்பாட்டில் நோயால் மெலிபவர் கண்ணில் படாமல் போவது எளிது.

இரண்டாவது விளக்கம் எதிர்ப்பு. ஆந்திர மாநிலம் கோரிப் பொட்டி ஸ்ரீராமுலு 1952 அக்டோபர் 19-இல் மயிலாப்பூரில் புலுசு சாம்பமூர்த்தியின் வீட்டில் உண்ணாவிரதம் தொடங்கி, டிசம்பர் 15-ஆம் நாள் இரவு உயிர்நீத்தார். வீட்டுக்குள்ளும் இதற்கு ஒரு வடிவம் உண்டு. வேறு வழியில் பேச இடமில்லாத பெண்கள் சாப்பிடாமல் படுத்துக்கொண்டு தம் மனக்குறையைத் தெரிவித்தனர். அது கோபம் என்றே கொள்ளப்பட்டது. கோபம் தணிந்தால் சாப்பிடுவாள் என்று வீடு காத்திருந்தது.

மூன்றாவது விளக்கம் பஞ்சம். 1876–78 பெரும்பஞ்சத்தின்போது நிவாரணப் பணியாளருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு, அதாவது ஏறத்தாழ 450 கிராம், தானியம் போதும் என்று ஆங்கிலேய அரசின் அதிகாரி ரிச்சர்டு டெம்பிள் வகுத்தார். சென்னை மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் அதை எதிர்த்து வாதிட்டார். மயிலாப்பூர் வழியாகச் செல்லும் பக்கிங்ஹாம் கால்வாயில் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி அந்தப் பஞ்ச நிவாரணப் பணியாக வெட்டப்பட்டதே. பசியைப் போக்குவதே பொதுநலம் என்ற எண்ணம் பின்னர் ஆட்சியிலும் வேரூன்றியது. தியாகராய நகருக்குப் பெயர் தந்த பி. தியாகராயச் செட்டியார் மாநகராட்சித் தலைவராக இருந்தபோது, 1920-இல் ஆயிரம்விளக்குப் பள்ளியில் மதிய உணவுக்கு ஒப்புதல் கிடைத்தது. காமராஜரின் மதிய உணவுத் திட்டமும், 1982-இல் எம்.ஜி.ஆரின் சத்துணவுத் திட்டமும் அதன் தொடர்ச்சி. சோறு இல்லாமையே கவலையாக இருந்த ஊரில், தட்டில் சோறு இருந்தும் உண்ண முடியாத நோய் நினைத்துப் பார்க்கவும் அரியதாக இருந்தது.

இந்தச் சூழலில், டி.என். சீனிவாசன், டி.ஆர். சுரேஷ் முதலிய சென்னை மனநல மருத்துவர்கள் 210 மருத்துவ மாணவர்களை ஆராய்ந்து 1995-இல் முடிவுகளை வெளியிட்டனர். நூல்கள் வகுத்த அளவுகோலுக்குள் வராத, ஆயினும் உணவும் எடையும் குறித்த துயரம் 31 பேரிடம், அதாவது 14.8 விழுக்காட்டினரிடம் இருந்தது. அதை ‘உண்ணல் துயர்’ என்னும் தனி நிலையாக அவர்கள் விவரித்தனர். முழுநோய் அரிதாக இருப்பதற்கு இந்தியச் சமூக, பண்பாட்டுக் காரணிகள் தந்த பாதுகாப்பைச் சுட்டினர். 1998-இல் இந்நிலையைக் கண்டறிய இந்தியருக்கேற்ற வினாப்பட்டியல் ஒன்றையும் உருவாக்கினர்.

அத்தகைய வினாப்பட்டியலின் தேவை முன்பே தெரியவந்திருந்தது. வட இந்தியப் பள்ளி மாணவியரிடம் மேலைநாட்டு வினாத்தாளைக் கொடுத்து கிங், புக்ரா ஆகியோர் நடத்திய 1989-ஆம் ஆண்டு ஆய்வில், சில வினாக்களுக்கு மாணவியர் சமய விரதத்தை மனத்தில் கொண்டே விடையளித்திருந்தனர். 1995-இல் டெல்லி மருத்துவர்கள் விவரித்த ஐந்து இளம்பெண்கள் உண்ண மறுத்து, வாந்தி எடுத்து, மிகவும் மெலிந்திருந்தனர். ஆனால் தாம் பருமனாக இருப்பதாக அவர்கள் கருதவில்லை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியின் 2007-ஆம் ஆண்டு ஆய்வில், உண்ணல் கோளாறுள்ள சிறார்களிடம் அதிகம் காணப்பட்டது மனக்காரண வாந்தியே. நோய் இங்கே வயிற்றுவலி, வாந்தி, பசியின்மை என்ற முகங்களோடு வந்ததால், மனநலப் பிரிவுக்கு முன்பாக வேறு பிரிவுகளில் சுற்றியது. அனோரெக்ஸியா என்று முடிவுசெய்ய, பருமன் பற்றிய அச்சத்தை வாய்விட்டுச் சொல்வதைக் கட்டாயமாக்காத வகையில் 2013-இல் அமெரிக்க மனநல வகைப்பாடு திருத்தப்பட்டது.

1990-களில் நகரமும் மாறியது. 1975-இல் தூர்தர்ஷனுடன் வந்த தொலைக்காட்சி, 1993-இல் சன் டிவி முதலாகத் தமிழ்த் தனியார் ஒளிபரப்புகளால் நாள் முழுவதும் வீட்டுக்குள் குடிபுகுந்தது. ஃபிஜித் தீவில் 1995-இல் தொலைக்காட்சி வந்து மூன்றாண்டுகளில் பள்ளி மாணவியரிடம் எடைக் கவலையும் உண்ணல் சிக்கலும் கூடியதை ஆய்வாளர் ஆன் பெக்கர் பதிவு செய்திருக்கிறார். இங்கும், பூசினாற்போன்ற உடலை வளத்தின் அடையாளமாகக் கண்ட சமூகத்தில் மெலிவு தகுதியாயிற்று. எந்த உடலுக்கும் பொருந்தும் புடவைக்குப் பக்கத்திலேயே, அளவு எண் பொறித்த ஆயத்த ஆடைகள் தி. நகர்க் கடைகளில் அடுக்கப்பட்டன. பின்வந்த ஆண்டுகளில் உடல் எடையும் ஏறியது: தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புகளின்படி, தமிழகத்தில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் மிகை எடை அல்லது உடல்பருமன் உள்ளோர் 2015–16-இல் 30.9 விழுக்காடு, 2019–21-இல் 40.4 விழுக்காடு. ஆசைப்படும் உடலுக்கும் உள்ள உடலுக்கும் இடைவெளி அகன்றது.

இத்தனை பேர் இதே சூழலில் வாழ, சிலர் மட்டுமே நோய்ப்படுவதற்கு ஒரு முக்கியக் காரணம் உள்ளியல்பு. குடும்பவழி, இரட்டையர் ஆய்வுகள் மரபணுவின் பங்கை உறுதிசெய்துள்ளன. 2019-இல் வெளியான, ஐரோப்பிய வழியினரிடம் நடந்த பேராய்வு, அனோரெக்ஸியாவுடன் தொடர்புள்ள எட்டு மரபணுப் பகுதிகளை இனங்கண்டது. எதிலும் குறைவற்ற நிறைவை நாடும் இயல்பு, பதற்றம், மனச்சோர்வு, சிறுவயதுக் கொடுமைகள் ஆகியவையும் நிலத்தைப் பண்படுத்துகின்றன.

தூண்டுதல் இதிலிருந்து வேறானது. அது சிறியதாகவும் இருக்கலாம். பூப்பெய்தும் பருவத்து உடல் மாற்றம், உறவினர் கூட்டத்தில் எடை பற்றி விழும் ஒரு சொல், பெண் பார்க்க வருகிறார்கள் என்பதற்காகத் தொடங்கும் டயட், பொதுத்தேர்வு, விடுதி வாழ்க்கை, இழப்பு, மேடைக்காகவோ விளையாட்டுக்காகவோ உடலைக் குறைத்தல் முதலியவை அவற்றில் சில. காய்ச்சலாலோ விரதத்தாலோ நேர்ந்த எடைக்குறைவும் தொடக்கமாகலாம். நோய் வேறு வடிவிலும் வரலாம்: இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் நீரிழிவு நோயாளி எடை கூடும் என்று அஞ்சி அதைத் தவிர்ப்பதும் உண்டு. ஆண்களுக்கும் இந்நோய் வரும். தசை பெருக்கும் வேட்கையாக அது மறைந்திருக்கக்கூடும்.

தொடங்கிய நோயைப் பட்டினியே வளர்க்கிறது. 1944–45-இல் அமெரிக்காவின் மினசோட்டாவில் ஆய்வாளர் ஆன்சல் கீஸ் 36 நலமான ஆண்களுக்கு ஆறு மாதம் உணவைக் குறைத்தார். அவர்கள் எந்நேரமும் உணவையே நினைத்தனர். சமையல் நூல்களைப் படித்தனர். சோர்ந்து பிறரிடமிருந்து ஒதுங்கினர். அவர்களுக்கு முன்பு மனநோய் ஏதும் இல்லை. எனவே சிகிச்சையின் முதற்படி உடலுக்கு ஊட்டம் திரும்புவது. நீண்ட பட்டினிக்குப் பின் திடீரென உணவூட்டுவது ஆபத்து என்பதால் அது மருத்துவக் கண்காணிப்பில் நடக்க வேண்டும். உளச்சிகிச்சை அதனுடன் சேர்கிறது. இளம்பருவத்தினருக்குப் பெற்றோரையே துணையாக்கும் குடும்பவழிச் சிகிச்சை நல்ல பலன் தருகிறது. மனநோய்களில் உயிரிழப்பு மிக அதிகமுள்ளவற்றுள் அனோரெக்ஸியாவும் ஒன்று. பாரணை நாள் கடந்தும் தொடரும் விரதமும், கோபம் தணிந்தும் முடியாத பட்டினியும் மருத்துவர் பார்க்க வேண்டியவை.